கீறல் இல்லாத பூட்டு

மாடிப்படிக்கு அடியில் இருந்த அந்தப் பொந்தைக் கடை என்று சொன்னால் மற்ற கடைகள் சண்டைக்கு வரும். ஒரு ஸ்டூல், சாவி அறுக்கும் மெஷின், சுவர் நிறையச் சாவிகள். ஆள் உள்ளே போனால் நிழல் வெளியேதான் நிற்கணும். ஆனால் வாசலில் தொங்கிய தகரப் பலகை மட்டும் பெரிசு: 'எந்தப் பூட்டும் உடைக்காமல் திறக்கப்படும்.' பலகை பொய் சொல்லவில்லை. முப்பது வருஷத்தில் பூட்டுக்காரர் ஒரு கதவைக்கூட உடைத்ததில்லை. சாவியைத் தொலைத்தவர்கள் கடவுளைக் கூப்பிடுவதற்கு முன்னால் இவரைத்தான் கூப்பிட்டார்கள்.

அவரிடம் இரண்டு பழக்கம் உண்டு. மற்றவர்கள் பூட்டுக்கு எண்ணெய் விடுவார்கள். இவர் பென்சிலைச் சீவி அந்தக் கரித்தூளைத் தன் இரண்டு மெல்லிய கம்பிகளில் தடவுவார், சாவித் துவாரத்திலும் ஒரு சிட்டிகை ஊதுவார். கம்பி வழுக்கிக்கொண்டு போகும். பூட்டைக் கழற்றிப் பார்த்தாலும் உள்ளே ஒரு கீறல் இருக்காது. இன்னொன்று, பூட்டு திறந்ததும் ஓரடி பின்னால் போய்ச் சுவரோரம் நின்றுவிடுவார். கதவைத் தள்ளவே மாட்டார். "திறக்கிறதோட நம்ம வேலை முடிஞ்சுது. உள்ள என்ன இருக்கோ, அது வீட்டுக்காரங்க பாடு" என்பார். ஊரில் பாதி வீட்டு வாசலுக்குப் போன மனுஷன், ஒரு வீட்டுக் கூடத்தைக்கூட எட்டிப் பார்த்தது கிடையாது.

மகன் ஒரே பிள்ளை. கடையிலேயே வளர்ந்தவன். இருபது வயசில் அப்பாவையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டான். பென்சில் தூள், சுவரோரம் ஒதுங்குவது எல்லாம் அப்படியே அச்சு.

அப்போதுதான் எல்லை தாண்டி அந்தப் போர் தொடங்கியது. அது தேவையா, தேவையில்லையா என்று ஊரே இரண்டாகப் பிளந்துபோனது. ஒரு வீட்டு மாடியில் கொடி, எதிர்வீட்டுச் சுவரில் 'பிள்ளைகளைத் திருப்பிக் கொடு' என்று நோட்டீஸ். பூட்டுக்காரர் இரண்டு பக்கமும் தலையாட்டினார். இரண்டு வீட்டுச் சாவியும் அவர் கடையில்தானே அறுபட வேண்டும்! பிறகு மகனுக்கு இருபத்தொன்று முடிந்தது, பட்டாளத்திலிருந்து கடிதம் வந்தது. தலையாட்டல் அன்றோடு நின்றது.

கூட வந்த படிவத்தில் 'தெரிந்த தொழில்' என்று ஒரு கட்டம். அதை நிரப்பப் பேனாவைத் திறந்தார்.

"ஏங்க, அதைக் காலியா விட்டுடுங்க" என்றாள் மனைவி. ஆஸ்பத்திரி சமையல்கட்டில் வேலை பார்ப்பவள், நாலு விதமான மனுஷர்களைப் பார்த்தவள். "நமக்கு என்ன தெரியும்னு அவங்களுக்கு எதுக்குத் தெரியணும்?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு. பட்டாளத்துல பெட்டிச் சாவி தொலையாதா? ஸ்டோர்ல உக்கார வச்சிடுவாங்க. பிள்ளை துப்பாக்கிப் பக்கமே போக வேண்டாம்."

முத்து முத்தாக எழுதினார்: எந்தப் பூட்டும் உடைக்காமல் திறக்கத் தெரியும். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை இவர் சொந்தக் கையெழுத்திலேயே வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மகனிடமிருந்து போன் வரும். மூன்றாவது மாதம் ஒருநாள் கேட்டார்.

"ஸ்டோர்லதானேடா இருக்கே?"

"இல்லப்பா. வீடுகளுக்குப் போறோம். நான்தான் முன்னாடி. சத்தமில்லாமத் திறந்துட்டு ஒதுங்கிடுவேன். மத்தவங்க போவாங்க. நம்ம வழக்கப்படிதான், நான் தள்றதில்ல."

போனை வைத்ததும் அவருக்கு வாயெல்லாம் பல். "கேட்டியா? அவன் உள்ளயே போறதில்லையாம்!"

அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "உள்ள இருக்கிறவங்களுக்கு அது தெரியுமா?"

"உன் வாயில நல்லதே வராதா?" என்று சீறிவிட்டுக் கீழே கடைக்கு இறங்கிப் போனார். அன்று சாயங்காலம் அறுத்த சாவி ஒன்றுகூடச் சரியாக விழவில்லை.

அடுத்த மாதம் செய்தி வந்தது. அங்கே ஒரு வீட்டில் ஒன்பது பேர் படுத்த பாயிலேயே செத்துக் கிடந்தார்கள். நம் பட்டாளம்தான் சுட்டது என்றது ஒரு பத்திரிகை. பட்டாளம் அந்தத் தெருவுக்கே போகவில்லை, அவர்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டார்கள் என்றது அரசாங்கம். அதற்குச் சாட்சி, கதவு.

"கதவுல ஒரு கீறல் இல்லண்ணே" என்றார் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர், பேப்பரைத் தட்டிக்கொண்டே. "பட்டாளம் போயிருந்தா கதவு மிஞ்சுமா? வாய்க்கு வந்ததை எழுதுறானுங்க. நீங்களே சொல்லுங்க, உங்களுக்குத் தெரியாத பூட்டா?"

"ஆமா ஆமா" என்றார் பூட்டுக்காரர். அந்த ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், விசாரணைக் கமிஷனிலிருந்து ஓர் அம்மா வந்தாள். ஊரில் கைதேர்ந்த பூட்டுக்காரர் யார் என்று விசாரித்து வந்தவள். இவர் பிள்ளை பட்டாளத்தில் இருப்பது அவளுக்குத் தெரியாது. பிளாஸ்டிக் உறையிலிருந்து, அந்த ஒன்பது பேர் வீட்டுக் கதவிலிருந்து கழற்றிய ஒரு பூட்டை எடுத்து நீட்டினாள்.

"ஐயா, சாவி இல்லாம, கீறல் விழாம, இதைத் திறக்க முடியுமா? உங்க வார்த்தையை வச்சுத்தான் மேல போகணும்."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சாவித் துவாரத்தின் விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒரு மினுமினுப்பு. பென்சில் தூள். மகன் அங்கே உட்கார்ந்து, மூச்சைப் பிடித்து, தூளை ஊதியது கண்ணால் பார்த்தது மாதிரி இருந்தது. இவர் மட்டும் "முடியும்" என்று சொன்னால் அந்த ஒன்பது உயிரும் வந்து யார் தலையில் உட்காரும்? பெத்த மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்? கட்டைவிரல் தானாகப் போய் அந்தத் தூளைத் துடைத்தது.

"முடியாதும்மா. உள்ள இருந்து யாரோ சாவி போட்டுத்தான் திறந்திருக்கணும்."

அவள் நிமிர்ந்து தகரப் பலகையைப் பார்த்தாள். "அப்போ இது?"

"அது வியாபாரத்துக்கு எழுதுறதும்மா."

அவள் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். எதற்கும் எதிர்ப்பேச்சுப் பேசுகிறவள் அன்றைக்கு, "நல்லது பண்ணீங்க" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஒரு மாதம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மத்தியானம் மகன் கடை வாசலில் வந்து நின்றான். பாதி உடம்பாகியிருந்தான். பூட்டுக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பையைப் பிடுங்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார். வீடு மேலேதான். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். சாவி போட்டுத் திறந்துவிட்டுத் திரும்பினால், மகன் சுவரோரம் முதுகை ஒட்டி நிற்கிறான்.

"உள்ள போடா, நம்ம வீடுதானே."

"நீங்க தள்ளுங்கப்பா."

தள்ளினார். காலையில் அவள் உலர்த்திவிட்டுப் போன துணி, மேஜையில் மூடி வைத்த சாப்பாடு. மகன் வாசலில் நின்றபடியே ஒவ்வொரு மூலையாகப் பார்த்தான். "யாரும் படுத்திருக்கல இல்ல?" என்று கேட்டான். பிறகும் உள்ளே போகாமல் படியில் உட்கார்ந்தான்.

"விசாரணைக்கு நானாவேதான் போனேன்பா. யாரும் கூப்பிடல. நான்தான் திறந்தேன்னு சொன்னேன். ஒதுங்கித்தான் நின்னேன், ஆனா கதவு திறந்திருக்கே, கண்ணுக்குத் தெரியாம இருக்குமா? எல்லாரும் தூங்கிட்டு இருந்தாங்க, ஒருத்தர் கையிலயும் ஒண்ணும் இல்லன்னு சொன்னேன். ஆபீசர் சிரிச்சார். ஒரு தாளைக் காட்டினார். 'இந்தப் பூட்டை அப்படித் திறக்கவே முடியாதாமே தம்பி. உனக்குத் தூக்கம் பத்தல. மாத்திரையைப் போட்டுட்டு வீட்டுக்குப் போ'ன்னார். கீழ உங்க கையெழுத்து."

பூட்டுக்காரர் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

"அங்க இருந்து ரயில்ல வர வழியெல்லாம் அதையேதான் நினைச்சேன். நீங்க முடியாதுன்னா முடியாதுதானேப்பா? அப்போ நான் திறக்கல. கனவுதான். இல்ல?" முகத்தைத் தூக்கி, சின்ன வயசில் கேட்கிற மாதிரியே கேட்டான். "சொல்லுங்கப்பா. கனவுதானே?"

ஒரே வார்த்தை. 'ஆமா' என்றால் பிள்ளை தப்பித்தான், ஆனால் அவன் புத்தி அவனுக்கு மிஞ்சாது. அந்தப் பாழாய்ப்போன பொய்யைத்தான் ஒரு மாதம் முன்னால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். இரண்டாவது தடவை வாய் வரவில்லை.

"முடியும்டா" என்றார். "பென்சில் தூள் இருந்துச்சு. நான்தான் துடைச்சேன்."

மகன் மெதுவாகத் தலையை ஆட்டினான். பிறகு முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பெருங்குரலெடுத்து அழுதான்.

மறுநாள் காலையிலேயே பூட்டுக்காரர் கமிஷன் ஆபீசுக்குப் போனார். அதே மாதிரி ஒரு பூட்டு, இரண்டு கம்பி, ஒரு பென்சில். அந்த அம்மாவை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்களாம். ஃபைலை மூடியாயிற்றாம். "நான் பொய் சொன்னேங்க, இப்போ திறந்து காட்டுறேன், பாருங்க" என்று கெஞ்சினார். செக்யூரிட்டி கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டான்.

ஒரு வருஷம் ஆகப் போகிறது. மகன் இன்னும் எந்தக் கதவையும் தள்ளுவதில்லை. யாராவது தள்ளிவிட்டால்தான் உள்ளே போவான். அதனால் பூட்டுக்காரர் வீட்டுக் கதவு எப்போதும் திறந்தே கிடக்கிறது. கடைக்கும் பாதி நாள் லீவு. "பையன் வந்ததுல இருந்து அண்ணனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு" என்கிறார் ஜெராக்ஸ் கடைக்காரர், அக்கறையோடுதான்.

கமிஷன் ஆபீசுக்கு எதிரே பஸ் ஸ்டாப் பெஞ்சில் அவரைப் பார்க்கலாம். பென்சிலைச் சீவித் தூளை ஊதுவார், கம்பியை விடுவார், பூட்டு திறக்கும். பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிடம் நீட்டுவார். "நல்லாப் பாருங்க சார், எங்கயாவது கீறல் இருக்கா?"

அவர்களும் குனிந்து பார்த்துவிட்டு, "இல்லீங்க, ஒண்ணும் இல்லையே" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போகிறார்கள். அவர் பூட்டை மறுபடி பூட்டுகிறார்.