அம்பு ஒட்டிய லேப்டாப்

ஏற்றுமதிச் சட்டைகள் தைக்கும் கம்பெனி அது. கடைசி வரிசையில், நான்கு டியூப் லைட்டுகளுக்குக் கீழே ஒரு நீள மேசை இருக்கும். அந்த மேசையில் இருபத்தாறு வருஷமாக நின்றுகொண்டிருந்தவள் அத்தை. வேலையின் பெயர் செக்கிங். தைத்து வந்த சட்டையை விரித்துப் போட்டு, காலரில் தொடங்கி, தோள், கை, பட்டன், கீழ்மடிப்பு என்று ஒரு சுற்று பார்க்க வேண்டும். எங்கே தையல் விட்டிருக்கிறதோ, எங்கே நூல் துருத்திக்கொண்டு நிற்கிறதோ, அங்கே நகக்கண் அளவில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். சட்டை தைத்தவரிடமே திரும்பிப் போகும். அவர் சரிசெய்து கொண்டுவந்து காட்டினால்தான் அத்தை அம்பை உரிப்பாள். குறை போனால்தான் அம்பு போகும். அது அவள் சட்டம். சூப்பர்வைசர் வந்து கெஞ்சினாலும் அதில் மாற்றம் கிடையாது.

தையல்காரர்கள் அவளுக்கு 'அம்பு' என்று பெயர் வைத்தார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால், பிறகு முகத்துக்கு நேராக. கடைசியில் சம்பளக் கவரிலேயே யாரோ அப்படி எழுதிவிட்டார்கள். அத்தை அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. எழுத்து கோணலாக இருந்த இடத்தில் ஒரு அம்பு ஒட்டிவிட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டாள்.

கம்பெனியோடு நின்றிருந்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை. ஆனால் அந்த ஸ்டிக்கர் சுருள் அவள் கைப்பையிலேயே குடியிருந்தது. அண்ணன் வீட்டுக்கு வந்தால், கதவுக் கொண்டியில் ஒன்று, புதிதாக அடித்த சுவர்ப் பெயின்ட்டில் ஒன்று, அண்ணன் ஷேவிங்கில் விட்ட தாடையில் ஒன்று என்று ஒட்டிவிட்டுப் போவாள். அவளைப் பெண் பார்க்க வந்தவர்களில் மூன்று பேரை அவள் ரிஜெக்ட் செய்தாள். நான்காவது ஆள் விஷயம் கேள்விப்பட்டு வாசலோடு திரும்பிவிட்டார். அதைப் பற்றி அத்தைக்கு வருத்தம் இல்லை. "அவருக்கு ஒரு தோள் இறங்கித்தான் இருந்துச்சு, ஜன்னல் வழியா பாத்தேன்" என்பாள்.

அவளுக்கு வருத்தமாக இருந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். அண்ணன் மகளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது, ஒரு நாள் ஒரு படம் வரைந்து தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். ஒரு வீடு, பக்கத்தில் ஒரு மரம். அத்தை அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்து உட்கார்ந்திருந்தாள். கூரையும் சுவரும் ஒரு இடத்தில் சேரவில்லை. கை தானாகப் போய் அங்கே ஒரு அம்பை ஒட்டிவிட்டது. குழந்தை அம்பைப் பார்த்தது, அத்தையைப் பார்த்தது, படத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. அழக்கூட இல்லை. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷத்தில் அந்தப் பெண் அத்தையிடம் எதையும் காட்டியதில்லை. படம் இல்லை, பரிசு வாங்கிய கோப்பை இல்லை, மார்க் ஷீட்டும் இல்லை. "வாங்க அத்தை", "போயிட்டு வாங்க அத்தை" என்பதோடு சரி. மரியாதைக்கு எந்தக் குறைச்சலும் இல்லை. அம்பு ஒட்ட இடமே இல்லாத மரியாதை.

அந்தப் பெண்ணுக்குக் கல்லூரியில் புள்ளியியல் படிக்க இடம் கிடைத்தது. லேப்டாப் இல்லாமல் முதல் நாளே உள்ளே போக முடியாது என்று அண்ணன் போனில் புலம்பினார்.

"நான் வாங்கித் தர்றேன்" என்றாள் அத்தை.



"நீயா?"

"ஏன், நான் வாங்கக் கூடாதா?"

"வாங்கலாம். காலேஜ் அடுத்த மாசம் திறக்குது. அதுக்குள்ள உனக்கு ஒரு பொருள் பிடிச்சிடுமான்னு யோசிக்கறேன். குடை வாங்கப் போய் ரெண்டு மழைக்காலம் நனைஞ்சவ நீ."

"குடை வேற, இது வேற."

பெண் என்னென்ன வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி அப்பாவிடம் கொடுத்தனுப்பினாள். நான்கே வரி. அத்தை அதை மூன்று முறை படித்தாள். கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து வரும் அளவுப் பட்டியல் மாதிரியே இருந்தது. தன்னைப் போலவே குறிப்பாக எழுதுகிறாளே என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். சீட்டை மடித்து ஸ்டிக்கர் சுருளோடு வைத்துக்கொண்டு, கையிலிருந்த போனஸுக்குள் முடித்துவிட வேண்டும் என்ற உறுதியோடு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினாள்.

முதல் கடையில் கழுத்தில் டை கட்டிய ஒரு பெண் சிரித்துக்கொண்டே வந்தாள். அந்தச் சிரிப்பு பத்து நிமிஷம் தாங்கியது.

"இந்தச் சீட்டுல ஐநூத்திப் பன்னெண்டு ஜிபின்னு எழுதியிருக்கு. இதுல எவ்வளவு காட்டுது?" என்றாள் அத்தை.

"நானூத்தி எழுபத்தாறு மேடம். அது அப்படித்தான் காட்டும்."

"மீதி முப்பத்தாறு எங்க போச்சு?"

"எங்கயும் போகல மேடம். எண்ணற முறை வேற. எந்தக் கடைக்குப் போனாலும் இதேதான்."

"சரி, டாலரன்ஸ் எவ்வளவு?"

"என்ன மேடம்?"

"எவ்வளவு கூடக் குறைய இருந்தா விடலாம்னு கேக்கறேன். எங்ககிட்ட காலர் அரை சென்டிமீட்டர் குறைஞ்சா லாட்டு மொத்தமும் திரும்பிப் போகும்."

டை கட்டிய பெண் இன்னும் மூன்று லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். எல்லாவற்றிலும் நானூற்று எழுபத்தாறு. அத்தை நெற்றியைச் சுருக்கி யோசித்தாள்.

"எல்லாப் பீஸ்லயும் ஒரே மாதிரி குறைஞ்சா தைக்கறவங்க மேல தப்பு இல்லம்மா. வெட்டின பேட்டர்ன்லயே தப்பு. உன்னைச் சொல்லி என்ன பண்றது" என்று அந்தப் பெண்ணின் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். உலகத்து லேப்டாப் கம்பெனிகள் எல்லாவற்றையும் அன்றைக்கு அவள் மன்னித்துவிட்டாள்.

ஆனால் மற்ற குறைகளை மன்னிக்கவில்லை. இரண்டாவது கடையில் மூடிக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு பக்கம் நூலிழை இடைவெளி அதிகம் என்று வந்துவிட்டாள். கல்லூரி திறக்கப் பத்து நாள்தான் இருந்தது. அண்ணன் தினமும் போன் செய்து, "குடையா, லேப்டாப்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவார். பெண் எதுவும் கேட்கவில்லை. அத்தைக்குப் பயமே அதுதான். இதிலும் சொதப்பினால் அவள் பேசாமல் அப்பாவோடு போய் வேறொன்றை வாங்கிக்கொள்வாள். "பரவாயில்லை அத்தை" என்பாள். அந்தப் 'பரவாயில்லை'யை அத்தையால் தாங்க முடியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது கடை. பெரிய கடை. நீளமான மேசையில் வரிசையாக லேப்டாப்புகள் திறந்து கிடந்தன. மேலே டியூப் லைட்டுகள். ஒரு நீள மேசையும் வெள்ளை வெளிச்சமும் கிடைத்தவுடன் அத்தைக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பதே மறந்துவிட்டது. இடது கோடியில் தொடங்கி வலது கோடிக்கு நகர்ந்தாள். ஒரு பீஸ், ஒரு சுற்று, அடுத்த பீஸ். அரை மணி நேரம் கழித்து, பின்னாலிருந்து ஒரு தடித்த மனிதர் கடை மேனேஜரிடம் கேட்பது காதில் விழுந்தது.

"சார், அம்பு போட்டதுக்கெல்லாம் தள்ளுபடியா?"

மேனேஜர் வந்தார். மேசையைப் பார்த்தார். பதினொரு லேப்டாப்பில் பதினேழு அம்புகள் இருந்தன.

"மேடம், இது நீங்க ஒட்டினதா?"

அத்தையும் அப்போதுதான் பார்த்தாள். "கை ஒட்டிடுச்சு" என்றாள்.

"யார் கை?"

"என் கைதான். எனக்கே தெரியல."

மேனேஜர் குனிந்து, திரையின் நடுவில் ஒட்டியிருந்த அம்பை முறைத்துப் பார்த்தார். "இங்க ஒண்ணுமே இல்லையே. சும்மா கண்ட இடத்துல ஒட்டியிருக்கீங்க."

"திரையை வெள்ளையாக்கிட்டுப் பாருங்க. ஒரு புள்ளி செத்துக் கிடக்கு."

வெள்ளையாக்கினார்கள். அம்பின் நுனியில், ஊசிமுனை அளவில் ஒரு கறுப்புப் புள்ளி. தடித்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

"எடுத்துடுங்க மேடம்" என்றார் தணிந்த குரலில்.

"சரிபண்ணாம எடுக்கக் கூடாதே."

"அப்போ நான் கடையை மூடிட்டு உங்க கம்பெனிக்கே வேலைக்கு வந்துடறேன்."

அத்தைக்கே பாவமாகிவிட்டது. அடையாளம் தெரியாமல் நகத்தால் ஒவ்வொன்றாக உரித்து, வேறு இடமில்லாமல் தன் புறங்கையில் ஒட்டிக்கொண்டாள். பதினேழும் முடிந்தபோது அவள் கையைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"உங்களுக்கு எதுதான் வேணும், சொல்லுங்க" என்றார் மேனேஜர்.

"செகண்ட்ஸ் இருக்கா?"

"என்னது?"

"ஒரு குறை கண்டுபிடிச்சு ஒதுக்கி வச்சிருப்பீங்களே, அந்தப் பீஸ். முதல் தரம்னு சொல்றதுல எங்க குறை இருக்குன்னு யாருக்கும் தெரியாது. செகண்ட்ஸ்ல தெரியும். எனக்குத் தெரிஞ்ச குறை போதும்."

மேனேஜர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு உள்ளறை அலமாரியைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்து வந்தார். லாரியிலிருந்து இறக்கும்போது கீழே விழுந்த பீஸ். மூடியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. மற்றபடி வாரன்ட்டி உண்டு, சீட்டில் எழுதியதெல்லாம் உண்டு. விலை அத்தையின் போனஸுக்குள் அடங்கியது. அத்தை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நாற்பது நிமிஷம் பார்த்தாள். திரை, விசைகள், கீல், ஓட்டைகள், அடியில் இருக்கும் ரப்பர் கால்கள். நசுங்கிய மூலையைத் தவிர எதுவும் அகப்படவில்லை. அவள் வாழ்க்கையில் முதல் தடவை தேடித் தோற்றுப்போனாள். தோற்றதில் இவ்வளவு நிம்மதி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

"கட்டிக் கொடுங்க" என்றாள். அதற்குள் கை, அந்த நசுங்கிய மூலைக்கு நேராக, ஒரு அம்பை ஒட்டியிருந்தது.

அது அவள் ஞாபகத்துக்கு வந்தது மறுநாள் மாலை, அண்ணன் வீட்டில், பெண் பெட்டியைப் பிரிக்க ஆரம்பித்த பிறகு.

ஆறு வயதில் படத்தின் மேல் ஒன்று, பதினெட்டு வயதில் பரிசின் மேல் ஒன்று. எழுந்து போய்ப் பிடுங்கிவிடலாமா என்று பார்ப்பதற்குள் உறை கழன்றுவிட்டது. பெண்ணின் விரல் அம்பின் மேல் போய் நின்றது. அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இது என்ன அத்தை?"

பஸ்ஸில் வரும்போது யோசித்து வைத்திருந்த நல்ல வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. "மூலையில நசுங்கியிருக்கு. செகண்ட்ஸ்தான். குறை அது ஒண்ணுதான். மீதி எல்லாம் பாத்துட்டேன், ஒண்ணும் இல்ல."

"ஒண்ணுமே இல்லையா?"

"இல்ல."

"நீங்க பாத்துமா?"

"நாப்பது நிமிஷம் பாத்தேன்."

பெண் மெதுவாக அப்பா பக்கம் திரும்பினாள். "அப்பா, இதை எழுதி வச்சுக்கோங்க. தேதி போட்டு."

சிரிப்பில் அண்ணன் தோள் குலுங்கியது. அத்தை அவசரமாக நகத்தை நீட்டினாள். "எடுத்துடறேன், இரு."

பெண் அந்த மூலையை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். "குறை போனாத்தானே எடுக்கணும்? என் வீட்டுப் படத்துல ஒட்டினதையே நீங்க எடுக்கல."

"ஞாபகம் வச்சிருக்கியா?"

"மறக்குமா? அதுக்கப்புறம் எந்த வீடு வரைஞ்சாலும் கூரையைத்தான் முதல்ல போடுவேன். அப்புறம்தான் சுவர். ஸ்கூல்ல டீச்சர் அப்பாவைக் கூப்பிட்டு, உங்க பொண்ணு ஏன் எப்பவும் அந்தரத்துல கூரை வரையறான்னு கேட்டாங்க."

"கேட்டாங்க" என்றார் அண்ணன் ஜன்னலைப் பார்த்தபடியே. "எங்க குடும்பத்துல அப்படித்தான் வீடு கட்டுவோம்னு சொல்லிட்டு வந்தேன்."

அத்தை சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அந்த நசுங்கலை யாரும் சரிசெய்யவில்லை. அதனால் அம்பும் அங்கேயே இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. சிவப்பு வெளுத்து, ஓரம் மட்டும் கொஞ்சம் சுருண்டிருக்கிறது.

கல்லூரி திறந்து மூன்று வாரம் கழித்து, ஒரு சாயங்காலம் பெண்ணிடமிருந்தே போன் வந்தது. அவளாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"அத்தை, ஷிப்ட் முடிஞ்சு இந்தப் பக்கமா வர்றீங்களா? நாளைக்கு முதல் அசைன்மென்ட் கொடுக்கணும். நீங்க ஒரு தடவை பாக்கணும்."

"எனக்கு உன் படிப்பு ஒண்ணும் தெரியாதேடி."

"படிப்பை நான் பாத்துக்கறேன். நீங்க பாக்கறதை நீங்க பாருங்க."

அத்தை முகத்தைக் கழுவிவிட்டு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எண்களும் கட்டங்களுமாகப் பதினான்கு பக்கம். ஒரு எழவும் புரியவில்லை. ஆனாலும் காலரில் தொடங்குவது போல மேல் மூலையில் தொடங்கினாள். மூன்றாவது பக்கத்தில், ஒரு கட்டத்தில் எண்களெல்லாம் வரிசையாக நிற்க, ஒன்று மட்டும் இம்மியளவு உள்ளே தள்ளி நின்றது. கை பைக்குப் போனது. பாதி வழியில் நின்றது. அத்தை அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள்.

"ஒட்டுங்க. அதுக்குத்தானே கூப்பிட்டேன்" என்றாள் அவள்.

அத்தை திரையின் மேல், அந்த எண்ணுக்கு நேராக, ஒரு அம்பை ஒட்டினாள். பெண் குறை எங்கே என்று பார்க்கப் பக்கத்தைக் கொஞ்சம் நகர்த்தினாள். எண்கள் மேலே போய்விட்டன. அம்பு இருந்த இடத்திலேயே நின்று, ஒரு பாவமும் அறியாத வேறொரு வரியைக் காட்டியது.

"ஏய், நில்லு. தப்பு நகர்ந்து போயிடுச்சு" என்று அத்தை திரையை இரண்டு கையாலும் பிடித்தாள். இருபத்தாறு வருஷத்தில் எந்தச் சட்டையும் அவளுக்கு இப்படி ஒரு காரியம் செய்ததில்லை.

பெண் சிரித்த சிரிப்பில் அண்ணன் உள்ளேயிருந்து ஓடிவந்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தை மெதுவாகக் கீழே இறக்கி, குறையைப் பழையபடி அம்புக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தினாள்.

"இப்ப சரியா?"

"சரி. பண்ணு."

அவள் அந்த எண்ணை வரிசைக்கு இழுத்தாள். அத்தை மூக்கு திரையில் முட்டும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள். பிறகு அம்பை நகத்தால் உரித்துத் தன் புறங்கையில் ஒட்டிக்கொண்டாள்.

"அடுத்த பக்கம்" என்றாள்.