கடல் பார்த்த காணி

போன ஞாயிறு கோலியர்ஸ் வுட் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்தபின், பக்கத்து மண்டபத்தில் தேத்தண்ணியும் ரோல்ஸும் தந்தார்கள். நான் பூசைக்குப் போவதே ரோல்ஸுக்காகத்தான் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. அன்றைக்கு யாரோ உள்ளே வைத்த கறிக்குக் கராம்பைக் கொஞ்சம் கூடவே தட்டிப் போட்டிருந்தார்கள். ஒரு கடிதான், கிரெட்டெக் ஞாபகம் வந்துவிட்டது. கராம்பு கலந்து சுற்றிய இந்தோனேசியச் சிகரெட் அது. பற்றவைத்தால் சடசடவென்று பொரியும். அன்ரனும் நானும் ஒன்றை ஆளுக்குப் பாதியாகக் குடித்த காலம் ஒன்று இருந்தது. அன்ரன் மன்னார்ப் பெடியன், என்னோடு ஒரே வள்ளத்தில் ஏறியவன்.

அந்த நினைப்பில் இருந்தபோதுதான் சூரி அண்ணை கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் அமர்ந்தார். சுவிஸில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். எட்மண்டனில் இரண்டு கடை. கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாத மனிசன். டேப்லெட்டை என் தட்டுக்கு மேலாகவே நீட்டினார்.

"உனக்கு இந்தோனேசியா தெரியும்தானே. இதை ஒருக்காப் பார். கடல் பார்த்த காணி. நல்ல இடமோ?"

அந்த நாட்டு மொழியில் நான் பெரிய புலி என்று இங்கே ஒரு பேர் இருக்கிறது. எனக்குத் தெரிந்ததெல்லாம் மீன், சோறு, 'பொலிஸ் வாறான்' என்ற அளவுதான். நல்ல காலம், சூரி அண்ணை காட்டியது ஆங்கிலத்தில் இருந்தது. ஜாவாத் தீவின் தென்கரையில் ஒரு சின்னக் குடியிருப்பைப் பற்றி, பயணிகளுக்கும் முதல் போடுகிறவர்களுக்கும் எழுதிய அறிமுகம். அமைவிடம், காலநிலை, மக்கள் என்று தலைப்புகள். மக்கள் சாந்தமானவர்களாம், சிரித்த முகமாம். வரலாறு என்ற தலைப்பின் கீழே இரண்டே வரி. மீனவர்கள் வாழ்ந்த அமைதியான இடம், அவ்வளவுதான். ஊரின் பெயரை இங்கே சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் காணி பார்க்கக் கிளம்பிவிடுவீர்கள்.

கீழே ஒரு படம். கடலோரம் வெட்டிவிட்ட புல்தரை, வெள்ளைப் பூ மரங்கள், நடுவே சிவப்பாய்ப் பூத்த ஒரே ஒரு மரம். அந்த மரத்தில் ஒரு கயிற்றுத் தொட்டில் கட்டி, 'உங்கள் காலை இங்கே தொடங்குகிறது' என்று எழுதியிருந்தார்கள். படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன், அதே மரம்தான்.

"அண்ணை, இது சேமக்காலை. ஆக்களைப் புதைச்ச இடம்."

"விசர்க்கதை கதையாத. புல்லுத்தரை தெரியேல்லையோ?"

மண்டப மூலையில் ஜெசிந்தா எல்லாருக்கும் தேத்தண்ணி வார்த்துக்கொண்டிருந்தாள். அன்ரனின் மனைவி. அவளுக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்து படத்தை என் போனுக்கு அனுப்பச் சொல்லிவிட்டுக் கதையை மாற்றினேன்.

மரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். தடித்த கொப்பு, முறித்தால் பால் வடியும், வெள்ளை இதழ், உள்ளே மஞ்சள். நாங்கள் அலரி என்போம், எங்கள் பக்கம் மாதா சுரூபத்தடியில் வைக்கிற பூ. அந்த ஊரில் அதைக் கம்போஜா என்பார்கள், புதைத்த இடத்தில்தான் நடுவார்கள். இது தெரியாமல், நாங்கள் அங்கே கரையொதுங்கிய கிழமையே அன்ரன் கடற்கரையில் நின்ற மரங்களில் ஒரு கொத்துப் பூப் பறித்துவந்து, எங்கள் அறையில் மாதா படத்துக்கு முன்னால் போத்தலில் வைத்தான். சோறு கொண்டுவந்த இபு யாந்தி வாசலிலேயே நின்றுவிட்டாள். இபு என்றால் அம்மா. ஆனால் அன்ரனைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். கரையில் ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள்.

"ஆர் செத்தது எண்டு கேக்கிறா," என்று அவளுடைய கைப்பாசையை வைத்து நான் மொழிபெயர்த்தேன்.

"இன்னும் ஒருத்தரும் சாகேல்லை எண்டு சொல்லு மச்சான்," என்றான் அன்ரன். சொல்லிவிட்டுச் சிரித்தான். யாந்தி சிரிக்கவில்லை. பூவை எடுத்துக்கொண்டு போய்க் கடலில் போட்டாள்.

அவுஸ்திரேலியாவுக்கென்று ஏறிய வள்ளம் அந்தக் கரையில் இயந்திரம் நின்று ஒதுங்க, அடுத்த வள்ளத்துக்காக அங்கே காத்திருந்தோம். அன்ரன் வலை தைக்கப் போனான். பிடித்து வந்த மீனைத் தரம் பிரிக்கும்போது மன்னார்ப் பாட்டெல்லாம் பாடுவான், ஒரு பாட்டுக்கும் இரண்டாம் வரி தெரியாது. பின்னேரங்களில் யாந்தியின் கடை வாசல் மர வாங்கில் குந்தியிருந்து, ஜெசிந்தாவை எப்படிக் கூப்பிடுவது, மகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் விடுவது என்று கணக்குப் போடுவான். அந்த வாங்கில்தான் ஒரு நாள் மத்தியானம் குளிருது என்றான். சுடும் வெயில், அவனுக்கோ பல்லுக் கிட்டியது. காய்ச்சல் வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை, போய்விட்டான்.

மாதா கோயில் இருந்த பட்டணத்துக்கு உடலைக் கொண்டுபோக முடியவில்லை. வழியில் பொலிஸ் காவலரண், எங்களிடம் கடதாசி ஒன்றும் இல்லை. தங்கள் முஸ்லிம் சேமக்காலையில் ஒரு கத்தோலிக்கனைப் புதைக்கலாமோ என்று ஊர்ப் பெரியவர்கள் கூடிக் கதைத்தார்கள். பேச்சு நீள, யாந்தி எழும்பி, என் கடையில் சாப்பிட்டவன் வேறெங்கே போவான் என்று கேட்டாள். அதோடு பேச்சு முடிந்தது. சிலுவை மட்டும் வேண்டாம், மரம் ஆரும் நடலாம் என்றார்கள். எல்லாம் வெள்ளை மரமாய் நின்றதால், அவனைத் தேடி வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று யாந்தி எங்கிருந்தோ ஒரு சிவப்புக் கொப்பு முறித்து வந்தாள். அவர்கள் தலைமாட்டில் தள்ளித்தான் நடுவார்கள். நாங்கள் மன்னார் வழக்கப்படி மண் மேட்டின் நடுவிலேயே ஊன்றினோம். எனக்குச் செபமாலை அரைகுறையாகத்தான் தெரியும். தெரிந்த மட்டும் சொன்னேன்.

நான் பிறகு எங்கெங்கோ சுற்றி லண்டன் வந்ததும், ஜெசிந்தா மகளையும் கூட்டிக்கொண்டு தமையனோடு வந்து சேர்ந்ததும் பெரிய கதை. விசாவுக்காகக் குரோய்டன் குடிவரவு அலுவலகத்துக்கு நடந்து நடந்தே அவளுக்கு முடி நரைத்தது. கார்த்திகையில் எங்கள் ஆட்கள் கல்லறைகளுக்கு மெழுகுதிரி கொளுத்துவார்கள் அல்லவா? இவளுக்குக் கொளுத்த ஒரு கல்லறை இல்லை. இங்கே கவுன்சில் சேமக்காலையில், பாசி பிடித்துக் கேட்பாரற்றுக் கிடக்கும் ஒரு வெள்ளைக்காரருடைய கல்லில் வருடாவருடம் ஏற்றுவாள். "அவருக்கும் ஒருத்தரும் இல்லைப் போல அண்ணை, குறை நினைக்க மாட்டார்," என்பாள். போன மாதம்தான் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. வருகிற கார்த்திகைக்கு அன்ரனிடமே போவது, வழிகாட்டவும் கதைக்கவும் நான் கூடப் போவது என்று பேசி வைத்திருந்தோம்.

மறைத்து என்ன பயன்? மண்டபம் காலியானதும் படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள். அழவில்லை. "யாந்தி அக்காவுக்குப் போன் எடுங்கோ. அவ சொல்லுறதை ஒண்டும் விடாமச் சொல்லுங்கோ," என்றாள். யாந்தியின் மகனோடு பெருநாளுக்குப் பெருநாள் வாட்ஸப் வாழ்த்து மட்டும் இருந்தது. அவன் போனைத் தாயிடம் கொடுத்துவிட்டு, எனக்குப் பிடிபடாததைப் பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொன்னான். குரல் அப்படியே இருந்தது.

காணி விற்றபின், புதைத்தவர்களை எல்லாம் மேட்டுக்கு மாற்றச் சொல்லிவிட்டார்களாம். ஒவ்வொரு குடும்பமும் தங்கள் ஆட்களைத் தாங்களே தோண்டி வெள்ளைத் துணியில் கட்டித் தூக்கிப் போனதாம். அன்ரனுக்கு ஆள் இல்லை. யாந்தி போய் நின்றிருக்கிறாள். நீ ஆர் என்று கேட்டார்களாம்.

"அம்மா எண்டு சொன்னவவாம்," என்றேன்.

ஜெசிந்தாவின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. "அப்ப எனக்கு மாமி."

அடுத்ததையும் ஒன்றும் விடாமல்தான் சொன்னேன். மரம் அவன் மேலேயே வளர்ந்து, வேர் முழுவதையும் பற்றிப் பிடித்திருந்ததாம். தோண்டினால் மரம் பட்டுப்போகும், வடிவான மரம், கை வைக்கவேண்டாம் என்று அங்கே ஹோட்டல் கட்டிய கம்பனிக்காரர் தடுத்துவிட்டார்களாம். பக்கத்தில் ஒரு பிடி மண் அள்ளித் துணியில் கட்டிக்கொண்டு மேட்டில் வைத்தாளாம் யாந்தி. உங்களுக்குச் சொல்ல மனம் வரவில்லை, மன்னித்துவிடுங்கள் என்று அந்தப் பக்கம் அழுதாள்.

"அப்ப அவர் கீழதான்," என்றாள் ஜெசிந்தா. "நான் வந்தா மாமி வீட்டில நிக்கலாமோ எண்டு கேளுங்கோ."

கேட்டேன். வீடு இல்லையாம். கடை இல்லை, வலை காயப்போடும் கொட்டில் இல்லை, நாங்கள் கிடந்த அறையும் இல்லை. யாந்தி மகனோடு பட்டணத்தில் இருக்கிறாள். மற்றவர்களும் சிதறிவிட்டார்கள். அந்தக் கரையில் இரவில் தங்குவதென்றால் அந்த ஹோட்டல் மட்டும்தான் இருக்கிறது என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவனைப் பார்க்க அவர்களிடம் போய் அறை கேட்பதா? பட்டணத்தில் தங்கிப் பகலில் போய் வருவோம் என்றேன்.

ஜெசிந்தா தலையாட்டி மறுத்தாள்.

"இல்லை அண்ணை, அங்கையே அறை எடுங்கோ. அவர் போனதுக்குப் பிறகு நான் ஒரு இரவெண்டாலும் அவரோட இருக்கேல்லை. கட்டில் வேண்டாம் எண்டு சொல்லிவிடுங்கோ. நான் நிலத்தில படுக்கிறன்."