விசைக்கு நடுவே ஒரு நிறுத்தம்

துப்பாக்கி வாங்கப் போன கடையில் முதலில் என் கையைத்தான் அளந்தார்கள். உள்ளங்கையைத் தாளில் பதிக்கச் சொல்லி, விரல்களைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்து, டேப் வைத்துப் பார்த்தார் கடைக்காரர். துப்பாக்கியின் பிடிக்கட்டை மூன்று அளவுகளில் வருமாம். கேரள எல்லையில் எங்கள் ஊரான முதலமடையின் மாரியம்மன் நோன்பில் வளையல்காரர் பிசைந்து பார்த்ததற்குப் பிறகு என் கையை இத்தனை அக்கறையாக யாரும் பார்த்ததில்லை. "சின்னக் கை" என்று சிரித்தார். அந்தச் சின்னக் கை என்ன செய்ததென்று அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்?

தெற்கு ஜெர்மனியில் ஒரு சிறிய ஊரில் பதினைந்து ஆண்டுகளாக நர்சாக இருக்கிறேன். இங்கே ஊருக்கு ஊர் துப்பாக்கிக் கழகம் உண்டு, நம் பக்கம் கோயில் கமிட்டி போல. சுடுவது அட்டையில் வரைந்த வட்டத்தை மட்டும். கூட வேலை பார்க்கும் உர்சுலா ஒருநாள் என்னையும் அழைத்துப் போனாள். துப்பாக்கி இருக்கும் பக்கமே நான் போவதில்லை. மறுத்தால் கோபித்துக்கொள்வாளே என்று போனேன். அங்கே ஒரு வழக்கம். அட்டையைப் பார்க்க யாராவது முன்னால் போக வேண்டுமென்றால் மேற்பார்வையாளர் உரக்கக் குரல் கொடுப்பார். வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரும் துப்பாக்கியைக் காலிசெய்து மேசையில் வைத்துவிட்டுப் பதில் குரல் கொடுக்க வேண்டும். கடைசிப் பதில் வரும்வரை ஒருவரும் ஓரடி எடுத்து வைக்கக் கூடாது. அதைக் கேட்டதும் கழிப்பறைக்குள் போய் அழுதேன். வெடிச்சத்தம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து உர்சுலா தண்ணீர் கொண்டுவந்தாள்.

எங்கள் மாந்தோப்பிலும் அதேதான் வழக்கம். விடியும் முன் தோப்புக்குள் வருகிறவர் வேலியோரம் நின்று "ஓ...வ்" என்று கூவுவார். உள்ளே இருக்கிறவர் பதில் கூவ வேண்டும். காட்டுப்பன்றியை விரட்ட அய்யன் லைசென்ஸ் வாங்கி ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். எங்கள் பக்கம் அப்பாவை அய்யன் என்போம். வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டால் பன்றி ஓடிவிடும், அவ்வளவுதான் அதற்கு வேலை. எனக்குப் பதினைந்து வயது. தை மாதப் பனியில் அய்யனோடு தோப்புக்குப் போயிருந்தேன். துப்பாக்கியை மரத்தில் சாய்த்துவிட்டு அவர் மோட்டார் போடப் போனார். வேலிப்பக்கம் கறுப்பாக எதுவோ அசைந்தது. கூவல் எனக்குக் கேட்டது. சத்தியமாகக் கேட்டது. பக்கத்துத் தோப்பில் யாரோ என்று நினைத்தேன். பதில் கொடுத்தால் பன்றி ஓடிப்போய்விடுமே! வாயை மூடிக்கொண்டு துப்பாக்கியை எடுத்தேன். வானத்தைப் பார்க்க வேண்டிய குழல் நேராக நின்றது. பழைய விசை, விரல் பட்டதும் வெடித்துவிட்டது. கறுப்புக் கம்பளி போர்த்தி வந்த காளியண்ணன் கீழே விழுந்தார். எங்கள் தோப்பைப் பார்த்துக்கொண்டவர், என்னைச் சைக்கிளில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர்.

அய்யன் ஓடிவந்து துப்பாக்கியைப் பிடுங்கினார். "நீ ஊட்டுக்குப் போ. சுட்டது நானு. வெளங்குச்சா?" என்றார். கேரளா போலீசுக்குத் தெரியக் கூடாதென்று எல்லை தாண்டிப் பொள்ளாச்சியில் தெரிந்த ஒரு டாக்டரிடம் கொண்டு போனார்கள். மரத்திலிருந்து விழுந்ததாக ஊருக்குச் சொன்னோம். காளியண்ணனும் எங்களுக்காக அதையே சொன்னார். வலது கால் அதன்பின் நேராகவே இல்லை. ஆனால் எழுந்து நடமாடத் தொடங்கியதும் எங்கள் தோப்பு வேலையை விட்டுவிட்டார். "நாங் கூவுனது அய்யனுக்குக் கேட்டுருக்குமுங்க. பதில் குடுக்காமச் சுட்டுப்போட்டாரு" என்று அம்மாவிடம் ஒருமுறை சொல்லிவிட்டுப் போனார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு எதிரே அய்யன் வந்தால் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் நடப்பார். அய்யன் வாய் திறக்கவில்லை. அடுத்த எலக்சன் வந்தபோது வழக்கம்போல லைசென்ஸ் வைத்திருந்த எல்லோரும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தார்கள். முடிந்ததும் போய் வாங்கிக்கொண்டார்கள். அய்யன் மட்டும் போகவில்லை. ஆறு வருடத்துக்கு முன் அவர் இறந்தபோது, வரப்புத் தகராறில் வெட்டுக்குத்து வரை போனவர்கள்கூடத் உடலுக்குக் கோடித்துணி போட வந்தார்கள். காளியண்ணன் வரவில்லை. எனக்குத் தெரியும் ஏனென்று. அப்போதும் வாயைத் திறக்காமல் ஃபிளைட் ஏறிவந்தேன். கோழை.

கடைக்கு வருகிறேன். வரிசையில் நின்று பதில் குரல் கொடுப்பதற்காகவே வாராவாரம் கழகத்துக்குப் போகத் தொடங்கினேன். ஓராண்டு பழகி, பரீட்சை எழுதி, கழகத்தின் கடிதமும் அரசாங்க அனுமதியும் வாங்கிய பிறகே இங்கே சொந்தமாக ஒன்று வைத்துக்கொள்ள முடியும். எங்கள் பிரிவில் பாயிண்ட் டூ டூ பிஸ்டல்தான். தோட்டாவின் அடிவிளிம்பை ஊசி தட்ட, வெடிக்கும். சத்தமும் குறைவு, உதைப்பும் குறைவு. கடைக்காரர் மூன்றை மேசையில் வைத்தார். முதலாவது புத்தம்புதிது. விலையைக் கேட்டால் மயக்கம் வரும். அதன் விசையைப் பற்றித்தான் அவருக்குப் பெருமை. "நினைத்தால் போதும், சுட்டுவிடும்" என்றார். அய்யன் துப்பாக்கியின் விசையும் அப்படித்தான். கீழே வைத்துவிட்டேன்.

"விசையைக் கொஞ்சம் கனமாக்கித் தருவீர்களா?" என்று கேட்டேன்.

"லேசாக்கவா?"

"இல்லை. கனமாக."

என் ஜெர்மன் சரியில்லை என்று நினைத்து ஆங்கிலத்துக்கு மாறினார், சிறுபிள்ளைக்குச் சொல்வதுபோல. அதிலும் நான் அதையே சொன்னதும் ஒரு முடிவுக்கு வந்தவராய் உள்ளே போய், தடிமனான காது மூடி ஒன்றை எடுத்துவந்தார். "பயப்படாதீர்கள், பழகிவிடும்." அட ராமா! என் பயம் காதில் இல்லை என்று எந்த மொழியில் சொல்வது?

இரண்டாவதில் குழல் முனை கனம். கடைக்குப் பின்னால் சுட்டுப் பார்க்கும் இடத்தில் நான்காவது தோட்டாவிலேயே முனை கீழே தாழ்ந்தது. மூன்றாவது, யாரோ வைத்திருந்து விற்றது. கைப்பிடியில் வியர்வைக் கறை. குறிபார்க்கும் தகட்டைத் திருகினால் 'க்ளிக் க்ளிக்' என்று எண்ணி நகரும், இம்மியும் ஆட்டமில்லை. அதன் விசை இரண்டு கட்டமாக வந்தது. முதலில் மெதுவாகப் பின்னால் நகர்ந்து ஓரிடத்தில் நிற்கும். அங்கே நின்று யோசிக்கலாம், விரலை எடுத்தும் விடலாம். மேலும் அழுத்தினால்தான் சுடும். குறி தப்பாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு என்றார் கடைக்காரர். அந்த நிறுத்தத்தில் விரலை வைத்தபடி நான் வெகுநேரம் நின்றேன். பதில் கூவ எனக்குத் தேவைப்பட்டது அந்த இடம்தான். அதையே வாங்கினேன்.

வாங்கியதை இரும்புப் பெட்டியில் பூட்டிவைத்து இரண்டு வாரம் தொடவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் அதில் ஒரு தோட்டாகூடப் போட மனம் வரவில்லை. அம்மாவிடம் நம்பர் வாங்கி ஞாயிறு காலையில் காளியண்ணனை வீடியோவில் அழைத்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது.

"ஏனுங்க அம்மிணி, நல்லா இருக்கறீங்களா? இந்தப் பக்கம் வர்ற ரோசனையே இல்லீங்களா?" என்றார்.

 சுற்றி வளைக்காமல் சொன்னேன். "அண்ணா, அன்னைக்கு உங்களச் சுட்டது அய்யன் இல்லீங்க. நானு. நீங்க கூவுனது எனக்குக் கேட்டுச்சு. நாந்தான் பதில் குடுக்கல."

 பக்கத்தில் கொக்கரித்த கோழியைக் கையால் விரட்டினார்.

"இருவத்தெட்டு வருசமுங்க அம்மிணி" என்றார். "எதுக்க வந்தா மூஞ்சியத் திருப்பிட்டுப் போனேன். ஒரு வார்த்த சொல்லலியே அந்த மனுசன். சாவுக்குக்கூட நான் போகலீங்க. இத இப்ப யாருகிட்டப் போயிச் சொல்லுவேன்?"

"மன்னிச்சிருங்கண்ணா" என்றேன்.  கேட்டதும் கிடைத்துவிடும் பொருளா மன்னிப்பு?

போனை வைக்காமலேயே எழுந்தார். திரையில் செம்மண்ணும் செருப்பும் தெரிந்தன, ஒரு கால் நடக்க ஒரு கால் இழுபட. மாங்காய் லாரி ஒன்று ஹாரன் அடித்துக் கடந்தது. பிறகு எங்கள் தோப்பு வேலி. அந்தத் தோப்பு மூலையில்தான் அய்யனை அடக்கம் செய்தோம். வேலியோரம் நின்று காளியண்ணன் "ஓ...வ்" என்று கூவினார். பட்டப்பகல், உள்ளே ஒருவரும் இல்லை. மறுபடி கூவினார். நகராமல் நின்றார்.

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை சத்தம் கேட்கக் கூடாதென்று புல்வெட்டும் எந்திரம்கூட ஓட்ட விடமாட்டார்கள். அடுப்படியில் நின்று அடிவயிற்றிலிருந்து பதில் கூவினேன். சுவர் அதிர்ந்தது. கீழ்வீட்டுக் கிழவர் மாடியேறி வந்து கதவைத் தட்டினார். "எல்லாம் சரிதானே? பதில் சொல்லுங்கள்!" என்று வெளியே நின்று பதறினார். திரையில் காளியண்ணன் வலது காலை இழுத்துத் தோப்புக்குள் வைத்தார். கதவு தட்டப்பட்டுக்கொண்டே இருந்தது. காளியண்ணன் அய்யனின் சமாதிக்குப் பக்கத்தில் போய் நிற்கும்வரை நான் திறக்கவில்லை.