பூதிகோட்டைக்குப் போகாத சைக்கிள்

கல்யாணமாகி மூன்று மாதம் ஆகியும் என் வீட்டுக்காரர் எப்படிப்பட்ட மனிதர் என்று எனக்குத் தெரியாது. ஒற்றை அறை லைன் வீட்டில் ஒன்பது பேர். மாமனாரும் இவரும் தங்கச் சுரங்கத்தில் ஆளுக்கொரு ஷிஃப்ட். எங்களுக்குள் பேச்சென்றால் "சோறு போடட்டுமா", "போடு" என்பதோடு சரி. இந்த ஆளோடு காலம் தள்ள முடியுமா என்ற கேள்வியோடு, குடியாத்தத்துக்குத் திரும்பும் பஸ்ஸை மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அதனால்தான், லீவு நாளில் சைக்கிளில் பூதிகோட்டை வரைக்கும் போய் வரலாமா என்று அவர் கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு நாள் முழுக்கப் பேசினால் ஆளைத் தெரிந்துகொண்டுவிடலாம். போவதா இருப்பதா என்பதை அதற்கப்புறம் முடிவு செய்துகொள்ளலாம்.

ஐப்பசி மாதம். பக்கத்து வீட்டு சைக்கிள். கேரியரில் துண்டை மடித்துப் போட்டு என்னை உட்கார வைத்தார். தூக்கில் புளிசோறு. சுரங்கத்து மண்ணைக் கொட்டிக் கொட்டி உண்டான வெள்ளை மேடு பின்னால் நகர்ந்து போயிற்று. நந்திதுர்க் பக்கத்து வீடுகள் முடிந்ததும் இரண்டு பக்கமும் ராகி. பனி இன்னும் விலகவில்லை. சைக்கிள் போகிறதா, நாங்கள் அப்படியே நிற்க வயல்கள் போகின்றனவா என்று சொல்ல முடியாத மயக்கம். அவர் சட்டையில் சோப்பு வாசனை அடித்தது. பேச வேண்டும் என்று வந்தவள் பேச்சையே மறந்துபோனேன். சந்தோஷமாக இருந்தேன், அவ்வளவுதான்.

அப்போது எங்கோ கடகடவென்று உருண்டது.

நான் வயல்காட்டில் வளர்ந்தவள். கிழக்கே மேகம் திரண்டிருந்ததைப் பார்த்து, "மழை வருதுங்க" என்றேன். அவர் வானத்தைப் பார்க்கவே இல்லை. பிரேக் பிடித்து, செருப்பைக் கழற்றி, வெறுங்காலைத் தரையில் ஊன்றி, தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மழை இல்ல. கீழ சுரங்கத்துல பாறை வெடிச்சிருக்கு. அப்பா உள்ள இருக்காரு."

சைக்கிளைத் திருப்பிவிட்டார். "ஏங்க, இடிங்க" என்று அவர் முதுகுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரே ஒரு நாள், அதுவும் போச்சு.

கூண்டில் ஆட்கள் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலில் எங்களுக்கு முன்பே கூட்டம். லைன் வீட்டுப் பெண்கள் அடுப்பை அப்படியே விட்டு வந்திருந்தார்கள். ஒருத்தி தலையில் சீயக்காய் நுரை. என் மாமியாரும் நின்றார். யாரும் அழவில்லை. எல்லோரும் கூண்டு மேலே வரும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாட்ச்மேன் உள்ளே போய் விசாரித்து வந்தார்.

"கீழ ஒண்ணும் இல்லமா. மேலதான் இடிச்சிருக்கு. வீட்டுக்குப் போங்க."

அவர் சொல்லி முடிக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. மாமியார் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், நனைந்துகொண்டே. சீயக்காய்க்காரி தலையை மழையிலேயே அலசிக்கொண்டாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இத்தனை பேரில் ஒருவர்கூட அண்ணாந்து பார்க்கவில்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மழை விடவில்லை. சைக்கிள் கொட்டகையின் தகரக் கூரைக்கடியில் ஒதுங்கி, நாங்கள் இருவரும் ஒரே தூக்கிலிருந்து புளிசோறு சாப்பிட்டோம். சுற்றிலும் வெள்ளையாக மழை; உலகத்தில் வேறு ஆளே இல்லாத மாதிரி இருந்தது.

"இன்னா, கோவமா?" என்றார்.

"கோவம் இல்லைங்க. நீங்க கீழ இருக்கறப்போ இப்படி சத்தம் கேட்டா, இடியா, வெடியான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

தூக்கை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"கண்டுபிடிக்க வேணாம். நீ ஓடியாந்துடு. மேல வர்றப்போ வாசல்ல யாருனா நின்னா, அது போதும் எனக்கு."

மூன்று மாதத்தில் அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

பதினைந்து நாள் போயிருக்கும். பகல் ஷிஃப்ட்டுக்கு அவர் இறங்கியிருந்தார். மின்னல் வெட்டியதை என் கண்ணாலேயே பார்த்தேன், அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது. இடிதான், சந்தேகமே இல்லை. ராகி மாவு ஒட்டிய கையோடு ஷாஃப்டைப் பார்த்து ஓடினேன்.