தோடம்பழக் கட்சியும் பொன்னாங்கண்ணிக் கட்சியும்

என் இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகள் இருந்தன. தோடம்பழக் கட்சிக்குத் தலைவர் என் கணவர். பொன்னாங்கண்ணிக் கட்சிக்கு நான். இரண்டிலும் வேறு உறுப்பினர்கள் கிடையாது. மூத்த மகளைச் சேர்த்துக்கொள்ள இருவருமே பார்த்தோம். அவள் பிஸ்கட் பக்கம் போய்விட்டாள்.

சண்டைக்குக் காரணம் என் இரத்தம். கிளினிக்கில் சோதித்துவிட்டு, இரும்புச்சத்து குறைவாக இருக்கிறது, ஏறாவிட்டால் மாத்தளையில் பிரசவம் பார்க்க முடியாது, கண்டிக்குத்தான் அனுப்ப வேண்டும் என்றார்கள். கண்டி ஒன்றும் தூரமில்லை. பயம் தூரத்தைப் பற்றியது அல்ல. மூத்தவள் பிறந்தபோது எனக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. முகம் தெரியாத யாரோ கொடுத்த இரத்தத்தில்தான் பிழைத்தேன். திரும்பவும் அப்படி ஆனால் தாங்குவதற்கு உடம்பில் இரத்தம் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்காமல் என் கணவரைப் பார்த்தே சொன்னார்.

அன்றே தோடம்பழம், அதாவது ஆரஞ்சு, வர ஆரம்பித்தது. அவர் உக்குவளைக்கு மேலே ஒரு தோட்டத்தில், தேயிலை பெக்டரியில் டீமேக்கர். டவுனுக்குப் போனால் ஸ்டிக்கர் ஒட்டிய மஞ்சள் பழங்களோடுதான் திரும்பினார். எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் கொண்டுபோவது அந்தப் பழத்தைத்தான். கீரைக்கட்டைத் தூக்கிக்கொண்டு யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை, போனால் சிரிப்பார்கள். அதனாலேயே எனக்கு அந்தப் பையைக் கண்டால் எரிச்சல் வரும்.

"நான் என்ன வார்டுலயா கெடக்கிறேன்? பழத்தோட பாக்க வர்றீங்க" என்பேன்.

எனக்குக் கீரை போதும். வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கும் தண்ணீர் ஓடும் ஈரத்தில், பொன்னாங்கண்ணி தானாகவே மண்டிக் கிடந்தது. பிடுங்கி, பொடியாக அரிந்து, துருவிய தேங்காய்ப்பூ போட்டு வதக்கி மல்லுங் செய்தால் ஒரு தட்டு சோறு போகிற இடம் தெரியாது. நெஞ்செரிப்புக்குப் பயந்து தேசிக்காய் என்கிற எலுமிச்சைப் புளி மட்டும் விடுவதில்லை.

சாயந்தரங்களில் விவாதம் நடக்கும். அவர் போனைத் திறந்து, படிக்கிற பையன் மாதிரி உரக்க வாசிப்பார்.

"விட்டமின் சி பாரு புள்ள. ஒன் கீரையெல்லாம் கிட்ட வர முடியாது."

"அதுவும் அவிச்சா பாதி போயிரும், தெரியும். இரும்புச்சத்தப் பாருங்க. ஒங்க பழத்துல இருக்கா?"

அவர் விரலால் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "இருக்கு."

"எவ்வளவு?"

"இருக்குன்னுதான் போட்டிருக்கு."

இரும்பு, கல்சியம் எல்லாம் என் பக்கம் வந்தன. விட்டமின் சியை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. நார்ச்சத்துக்கு இருவருமே உரிமை கொண்டாடினோம். இப்போது யோசித்தால், ஆட்டுக்கல்லையும் அரிவாள்மனையையும் பக்கத்தில் வைத்து எது நல்லது என்று கேட்ட கதைதான் அது. ஆனால் அன்றைக்கு இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கிற நிலையில் இல்லை. கடைசியில் பகலில் கீரையும் சாயந்தரம் பழமும் என் வயிற்றுக்குள்தான் போயின.

அப்படியும் இரத்தம் ஏறவில்லை. அடுத்த சோதனையில் முன்பைவிடக் கொஞ்சம் இறங்கியே இருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது அவர் போனைத் திறக்கவேயில்லை. நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். மிளகுக்கொடி, பாக்குமரம், கடைகள் எல்லாம் கடந்து போயின, ஒன்றும் மனதில் ஒட்டவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. மகள் சின்னவள். அவளுக்கு இன்னும் தலை பின்னத் தெரியாது.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம் எங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்தார். நான் அப்போதுதான் சாப்பிட்டு எழுந்திருந்தேன். அவர் சிங்களவர், நாங்கள் சிங்களத்திலேயே பேசிக்கொள்வோம். வந்தவர்களுக்குத் தேயிலைச் சாயத்தண்ணி கொடுக்காமல் அனுப்புவது எங்களிடம் இல்லை, அதுவும் டீமேக்கர் வீட்டில் நடக்கவே நடக்காது. கடும் சாயமாக இரண்டு கோப்பை ஊற்றி வந்தேன். அவரிடம் ஒன்றைக் கொடுத்துவிட்டு, இரும்பு மாத்திரையை வாயில் போட்டு மற்றதைக் குடித்து விழுங்கினேன். மாத்திரையின் துருவாசத்தை அடக்க அதைவிட நல்லது எதுவும் இல்லை.

மிஸ் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். எப்போதும் இப்படித்தானா என்று கேட்டார். எப்போதும் இப்படித்தான் என்றேன். சோற்றுக்குப் பிறகும் குடிப்பாயா என்றார். குடிக்காமல்?

போன தடவைகளிலெல்லாம் என்ன சாப்பிட்டாய் என்று அவர் கேட்டிருக்கிறார். நானும் சோறு, பருப்பு, கீரை, முட்டை, தோடம்பழம் என்று ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறேன். தேத்தண்ணியைச் சொன்னதில்லை. மறைக்கவில்லை. எங்கள் ஆட்கள் யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். மூச்சு விட்டேன் என்று யாராவது சொல்வார்களா? மாத்திரையோடு தேநீர் வேண்டாம் என்று கிளினிக்கில் கட்டாயம் சொல்லியிருப்பார்கள். அந்தக் கூட்டத்துச் சத்தத்தில் அது என் காதில் ஏறவில்லை.

மிஸ் பொறுமையாக விளக்கினார். கீரையில் இரும்பு இருக்கிறது, ஆனால் உடம்பு அதைச் சுலபத்தில் எடுத்துக்கொள்ளாது. புளிப்பான பழம் கூடவே போனால் எடுத்துக்கொள்ளும். தேயிலையின் துவர்ப்பு கூடவே போனால் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆகவே கீரையையும் பழத்தையும் ஒரே வேளையில் சாப்பிடு, தேத்தண்ணியைச் சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் கிட்டவே கொண்டுவராதே என்றார். இரண்டு கட்சியும் அடித்துக்கொண்ட நேரத்தில் மூன்றாவது ஆள் வீட்டையே காலி செய்திருக்கிறான்.

இதை என் கணவரிடம் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வரும் தூள் அவர் பார்த்துப் பார்த்துக் கொண்டுவருவது. வயிற்றில் பிள்ளை தங்கியதிலிருந்து காலைக் கோப்பையை அவரே ஊற்றித் தருவார். அன்று அவர் வேலை முடிந்து வந்து உட்கார்ந்ததும் மிஸ் சொன்னதை அப்படியே சொன்னேன். போனை எடுத்து வாதாடுவார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

"அப்ப நான்தான் ஒனக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நீங்க என்ன விசத்தையா குடுத்தீங்க? ஒலகமே குடிக்குது. பேசாம இருங்க."

அடுத்த நாள் காலையில் தேயிலை டின் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. சாப்பாட்டிலிருந்து தள்ளிக் குடித்தால் போதும் என்றுதானே மிஸ் சொன்னார் என்றேன். அவர் கேட்கவில்லை. வருகிறவர்களுக்கு மல்லித்தண்ணி கொடுத்தோம். டீமேக்கருக்கு பெக்டரியில் ஏதோ தகராறு என்று லயத்து வீடுகளில் கதை கட்டினார்கள். அவர் மறுக்கவும் இல்லை. தேத்தண்ணி இல்லாமல் முதல் சில நாட்கள் எனக்குத் தலைவலி மண்டையைப் பிளந்தது. பகல் சோற்றுக்கு அவர் வீட்டுக்கே வர ஆரம்பித்தார். நான் கீரையும் சோறும் பிசைந்துகொண்டிருக்கும்போது எதிரே உட்கார்ந்து தோடம்பழத்தை உரித்து, நார் எடுத்து, சுளை சுளையாக என் தட்டின் ஓரத்தில் வைப்பார். பொன்னாங்கண்ணியைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை.

இரத்தம் மெதுவாக ஏறியது. மாத்தளையிலேயே பார்க்கலாம் என்று டாக்டரும் சொன்னார்.

மகன் பிறந்த அன்று பின்னேரம், பார்வை நேரத்தில் அவர் வார்டுக்குள் வந்தார். பிள்ளை என் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். அவர் பிள்ளையைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே பார்த்தார். கட்டிலின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"என்னத்தத் தேடுறீங்க? மகன் இங்க இருக்கான்."

"ரத்தம் ஏத்தலையா?"

"இல்ல."

"கொஞ்சங்கூட?"

"ஒரு சொட்டும் ஏத்தல. தேவப்படலைன்னு சொல்லிட்டாங்க."

கட்டிலில் உட்காரக்கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. அவர் உட்கார்ந்தார். என் கையை விடவில்லை.

"போன தடவ வெளிய நின்னுக்கிட்டு, நீ இல்லாம அந்தப் புள்ளைய எப்படி வளக்கிறதுன்னு யோசிச்சுப் பாத்தேன்" என்றார். "ஒன்னுமே தோணல."

மகனைத் தூக்கி அவர் மடியில் வைத்தேன்.