புதுசு போட்ட புருஷன்

கணக்கு டீச்சர்னு தெருவே கூப்பிடற அந்தம்மா, ஸ்கூல் வேலையை விட்டு பல வருஷம் ஆச்சு. பெத்த ரெண்டும் வளர்ந்து, "நீ சும்மாதானேம்மா இருக்கே"ன்னு கேக்கற அளவுக்கு வாய் நீண்டப்புறம்தான் அவங்களுக்கு ரோஷம் வந்துச்சு. தண்ணி டெஸ்ட் பண்ற லேப் ஒண்ணுல, வீட்டுலேர்ந்தே கணக்குப் போட்டு கிராஃப் அனுப்பற வேலை. ஆனா முதல்ல ஒரு பரீட்சை. அவங்க குடுக்கற கணக்கை வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள முடிச்சு அனுப்பினா வேலை இவங்களுக்கு. இல்லேன்னா வேற ஆளுக்கு.

லேப்ல குடுத்த புரோகிராமை ஓட்டினா, முதல் வரியிலேயே மண்டையைப் போட்டுடுச்சு. நம்பைன்னு ஒரு லைப்ரரி, அதாவது கணக்குப் போட யாரோ ரெடியா எழுதி வெச்ச புரோகிராம் மூட்டை, அதை உள்ளே கூப்பிடற வரி அது. ஒரு கூட்டல்கூட ஆகல, அதுக்குள்ள ஸ்கிரீன் பூரா எரர் எரர்னு திட்டு.

"கூப்பிட்டதுக்கே விழுந்துட்டா, வேலை சொன்னா என்ன பண்ணுவே?"ன்னு கம்ப்யூட்டரைக் கேட்டாங்க டீச்சர். வீட்ல எல்லாரையும் கேக்கற கேள்விதான்.

திட்டினதை உக்காந்து படிச்சுப் பார்த்தா, விஷயம் ஒண்ணுமில்ல. லேப்காரங்க புரோகிராம் பழைய நம்பைக்குன்னு செஞ்சது, இங்கே இருக்கறது புத்தம் புதுசு. ரெண்டுக்கும் ஒத்துப்போகல. புதுசை எடுத்துட்டு பழசைப் போட்டாங்க, சமத்தா ஓடுச்சு. பாதி வேலையை முடிச்சுட்டு நிம்மதியா எழுந்தாங்க.

மறுநாள் காலையில பார்த்தா அதே சாவு, அதே திட்டு. திரும்பவும் பழசைப் போட்டாங்க, ஓடுச்சு. வெள்ளிக்கிழமை காலையில மறுபடியும் விழுந்து கிடந்துச்சு.

டீச்சருக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துடுச்சு. நேத்து நிஜமாவே மாத்தினேனா, இல்ல மாத்தினதா நினைச்சுக்கிட்டேனா? மூளை துருப்பிடிச்சுப்போச்சோ? பிள்ளைங்க சொன்னது சரிதானோ?

அப்பத்தான் வீட்டுக்காரர் டீயோட வந்தார். கொரியர் ஆபீஸ் சூப்பர்வைசர். சொந்தக்காரங்க மத்தியில பேரு "புதுசு". அப்டேட் வந்திருக்குன்னு போன்ல சின்ன சிவப்புப் புள்ளி தெரிஞ்சாலே, தட்டாம சாப்பாடு இறங்காது அவருக்கு.

"இன்னிக்கும் விழுந்துடுச்சா? என்ன அநியாயம்! தினமும் நீ குளிக்கப் போறப்ப நான்தான் எல்லாத்தையும் புதுசு போட்டு வைக்கிறேனே!"

டீச்சர் வாங்கின டீ வாய்க்குப் போற வழியிலேயே நின்னுடுச்சு.

"எதை?"

"அதான், ஓரத்துல சிவப்புப் புள்ளி காட்டுதே, அந்த நம்பையோ என்னமோ. பழசை வெச்சுக்கிட்டு கஷ்டப்படறியேன்னு…"

"என்னங்க, இந்த வீட்ல பழசை மாத்தறதுன்னு ஆரம்பிச்சா, நான் முதல்ல எதுல கையை வைப்பேன்னு நினைக்கிறீங்க?"

அவர் டீ ஆறிடும்னு மட்டும் சொல்லிட்டு நழுவிட்டார்.

டீச்சருக்குக் கோபத்தைவிட சந்தோஷம்தான் ஜாஸ்தி. மூளை நல்லாத்தான் இருக்கு, புருஷன்தான் கொஞ்சம் ஓவர். பழசைப் போட்டு, மிச்சக் கணக்கை முடிச்சு, கெடுவுக்குள்ள அனுப்பிட்டாங்க. சாயங்காலமே லேப் மேடம் போன் பண்ணி, "திங்கக்கிழமைலேர்ந்து ஆரம்பிச்சுடுங்க"ன்னாங்க.

திங்கக்கிழமை காலையில டீச்சர் தலையைத் துவட்டிக்கிட்டு வர்றாங்க. ஸ்கிரீன் ஓரத்துல சிவப்புப் புள்ளி. முன்னாடி அவர், ஒத்தை விரலை நீட்டிக்கிட்டு.

"ஒரே ஒரு…"

"என்னங்க."

விரலை மடக்கி பாக்கெட்ல போட்டுக்கிட்டு, வெங்காயம் உரிக்கப் போயிட்டார்.