பச்சைச் சதுரமும் ஒரு பின்னலும்

என் கணவர் சிங்கப்பூரிலிருந்து அந்தக் கேமராவை வாங்கி வந்த நாளிலிருந்து எங்கள் அபிராமபுரம் வீட்டில் ஒருவரும் ஒழுங்காக ஃபோட்டோவில் விழுந்ததில்லை. அதன் தலையில் ஒரு திருகு. அதில் ஒரு பச்சைச் சதுரம். அங்கே கொண்டுபோய் வைத்தால் வெளிச்சம், தூரம், ஃப்ளாஷ் எல்லாவற்றையும் கேமராவே பார்த்துக்கொள்ளும். அந்தப் பக்கம் மட்டும் அவர் திருப்பவே மாட்டார். இட்லி சாப்பிடும் குழந்தையை எடுக்கச் சொன்னால், அவர் வெளிச்சம் அளந்து முடிப்பதற்குள் அவள் கை கழுவப் போயிருப்பாள்.

"பச்சையில வெச்சு எடுங்கோளேன்."

"அது ஒண்ணும் தெரியாதவாளுக்குப் போட்டது."

"அப்ப எனக்குத்தான் போட்டிருக்கான். குடுங்கோ."

கொடுக்க மாட்டார். ஒண்ணும் தெரியாதவள் தொட்டால் கெட்டுவிடுமாம்.

இப்படியே போயிருந்தால் தலையில் அடித்துக்கொண்டு விட்டிருப்பேன். ஆனால் பெண்ணுக்கு மூன்று வயது முடிவதற்குள் வடபழனியில் மொட்டை போடுவதாக வேண்டுதல் இருந்தது. அவளோ முடியைக் கொடுக்க மாட்டேன் என்று ஒரே அழுகை. "பின்னல் எங்கயும் போகாதுடி கண்ணா, ஃபோட்டோல பத்திரமா இருக்கும்" என்று நான் சத்தியம் செய்த பிறகுதான் சம்மதித்தாள்.

மொட்டைக்கு முன்னால் பூ வைத்துப் பின்னி, முதுகுக்குப் பின்னே கண்ணாடியை நிறுத்தி, முகமும் பின்னலும் ஒன்றாகத் தெரிய ஒரு படம் எடுப்பது எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். பாண்டி பஜார் ஸ்டுடியோவில் பத்து நிமிஷ வேலை. சொன்னேன். "இத்தனை பெரிய கேமராவை ஆத்துல வெச்சுண்டு ஸ்டுடியோவா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

அன்று காலை என் நாத்தனார் வந்து, தாழம்பூவும் மல்லிகையும் வைத்துத் தைத்து, நுனியில் குஞ்சலம் கட்டினாள். குழந்தைக்குப் பெருமை தாங்கவில்லை. இவர் பீரோவிலிருந்து பெரிய நிலைக்கண்ணாடியைக் கழற்றி ஜன்னலோரம் நிறுத்தினார். ஃப்ளாஷ் போட்டால் கண்ணாடியில் அடிக்குமாம், ஜன்னல் வெளிச்சம்தான் சரியாம். நாற்காலியை இழுத்தார், கண்ணாடியைச் சாய்த்தார், லென்ஸ் வளையத்தைத் திருகினார், மறுபடி நாற்காலியை இழுத்தார். குழந்தைக்கு வேர்த்துக் கொட்டி மை வழிந்தது.

"அண்ணா, ராகுகாலத்துக்கு முன்னாடி கோயில்ல இருக்கணும்" என்றாள் நாத்தனார்.

"கொஞ்சம் இரு."

ஏழெட்டு எடுத்தார். எனக்கு ஒன்றிலும் நம்பிக்கை இல்லை. கேமராவைப் பிடுங்கிப் பச்சைக்குத் திருப்பி அழுத்தினேன். மேலே ஒளிந்திருந்த ஃப்ளாஷ் தானாக எழுந்து பளீரென்று அடித்தது.

"போச்சு" என்றார்.

வாசலில் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வடபழனியில் முடி இறங்க ஐந்து நிமிஷம் ஆகவில்லை. அவள் அழவும் இல்லை. பின்னல்தான் ஃபோட்டோவில் இருக்கிறதே.

ஃபிலிம் கழுவி வர ஒரு வாரம் ஆயிற்று. நான் எடுத்ததில் முகம் பளிச்சென்று இருந்தது. கண்ணாடியில் பின்னல் தெரிய வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை வெளிச்சம். "சொன்னேனோல்லியோ?" என்றார், பரீட்சையில் முதலாக வந்தவர் போல. பிறகு அவர் எடுத்தவற்றைப் பிரித்தோம். கண்ணாடிச் சட்டத்தைக் குறி வைத்துத் தூரத்தை அமைத்திருக்கிறார். சட்டத்தில் செதுக்கிய கொடி, அதில் நான் துடைக்காமல் விட்ட தூசி, எல்லாம் அத்தனை துல்லியம். கண்ணாடிக்குள்ளே இன்னும் தூரத்தில் தெரிந்த பின்னல் கலங்கிய கரும்பட்டை. பூவா நாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இனி எந்தப் பச்சையும் எந்தப் புலமையும் அதைத் திருப்பிக் கொண்டுவராது. இருந்தும் யார் தப்பு என்று இரண்டு பேரும் கூடத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தோம்.

குழந்தை நடுவில் வந்து, இருப்பதில் தெளிவாக இருந்த என் படத்தை எடுத்துக்கொண்டாள். தன் முகத்தைப் பார்த்தாள். சிரித்தாள். பிறகு பின்னலைப் பார்ப்பதற்காகப் படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள்.